அறியா வினாவிற்கு ஓர் இடம்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. தமிழ் மாணவர் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே இவற்றை மனப்பாடம் செய்தவரே. தான் விடையை அறிந்திருந்தும், பிறருக்கு அது தெரியுமா என்று அறியும் பொருட்டு வினவுவது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளும் பொருட்டு வினவுவது அறியா வினா. ஆசிரியர் மாணவரை வினவுதலை முன்னதற்கும், மாணவர் ஆசிரியரை வினவுதலைப் பின்னதற்கும் எடுத்துக்காட்டாக உரைப்பது மரபு.

இவ்விரு வினாக்களுள் எது இன்று நம் கல்விக்கூடங்களில் செழித்து வாழ்கின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அகமதிப்பீட்டுத் தேர்வு, பருவத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, போட்டித் தேர்வு ஆகிய அனைத்தும் அறிவினாக்களால் நிரம்பியவை. வினவுபவரிடம் விடைக்குறிப்பு முன்னரே இருக்கின்றது. மூன்றாண்டுகளில் பல நூறு அறிவினாக்களுக்கு விடையெழுதி மாணவர் பட்டம் பெற்றுச் செல்கின்றனர். அவர்கள் தாமே முன்வந்து எழுப்பிய அறியா வினாக்களைக் கணக்கிடப் புகுந்தால், 'ஐயா, இப்பகுதி தேர்விற்கு வருமா?' என்னும் ஒன்றே பெரும்பாலும் எஞ்சும்.

கண்முன் நாள்தோறும் நிகழ்வனவற்றைக் கண்டு, 'இஃது ஏன்? இஃது எவ்வாறு?' என்று வினவும் இயல்பே அறிவியலை ஈன்ற தாய். அவ்வியல்பைக் காக்கும் பொறுப்பு அறிவியல் துறைகளுக்கு மட்டும் உரியதன்று. தாய்மொழியைக் கற்பிக்கும் தமிழ்த்துறைக்கும் உரியது என்பதே ஈண்டு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

அடுக்களை என்னும் ஆய்வுக்கூடம்

அறிவியல் என்றவுடன் கண்ணாடிக் குடுவைகளும் வெள்ளை மேலங்கியும் நினைவிற்கு வருகின்றன. ஆயின் வினாக்கள் பிறக்கும் இடம் நம் வீட்டு அடுக்களையே ஆகும்.

தோசை வார்க்கும் முன் நம் உம்மாமார் கல்லின்மீது சிறிது நீரைத் தெளித்துப் பார்ப்பர். கல் அளவாகக் காய்ந்திருப்பின் நீர் 'சுர்' என்னும் ஒலியுடன் உடனே வற்றிவிடும். கல் மிகுதியாகக் காய்ந்துவிட்டாலோ நீர்த்துளிகள் முத்துகளாகத் திரண்டு அங்குமிங்கும் ஓடி விளையாடும், எளிதில் வற்றா. சூடு மிகுந்தால் நீர் விரைந்தன்றோ வற்ற வேண்டும்? மாறாக நெடுநேரம் நிற்பது ஏன்? மிகு சூடுடைய கல்லை அணுகிய கணமே துளியின் அடிப்பகுதி ஆவியாகின்றது. அவ்வாவி துளிக்கும் கல்லிற்கும் இடையே மெத்தைபோல் படர்கின்றது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே துளி அம்மெத்தையின்மேல் மிதந்து காப்புறுகின்றது. காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளியை இட்டு இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1756ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார் லைடன்ஃபிராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர். இன்றும் இயற்பியலில் இஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் கரண்டியில் கண்டதனை நம் தாய்மார் தோசைக்கல்லில் நாள்தோறும் காண்கின்றனர். அவர்களை 'ஏன்?' என்று வினவச் செய்தாரும் இலர். வினவியிருப்பின் விடை கூறியிருப்பாரும் இலர்.

மட்பானை நீர் தண்ணென்றிருப்பதும் அத்தகையதே. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து புறத்தே ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அஃது எஞ்சிய நீரிடமிருந்தும் பானையிடமிருந்தும் பெறுகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் நீரில் 100 கிராம் மட்டும் ஆவியாகி, வெளிவெப்பம் உட்புகாதிருப்பின், எஞ்சிய நீர் 5 முதல் 6 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்துவிடும். பிளாஸ்டிக் குடத்தில் கசிவு இல்லை. ஆகவே குளிர்ச்சியும் இல்லை. கடற்கரை ஊர்களில் காற்று ஈரம் மிக்கது. அங்கு ஆவியாதல் மந்தமாகும். ஆதலின் ஒரே பானை வறண்ட உள்நாட்டு ஊர்களில் நன்கு குளிர்விக்கும். கடலோர ஊரில் அவ்வளவு குளிர்விக்காது.

நோன்புக் கஞ்சியை அறியாதார் நம்முள் இலர். மேற்பரப்பு ஆறியதுபோல் தோன்றும். ஒரு வாய் உறிஞ்சினால் நா வெந்துபோகும். உடன் வைத்த தேநீரோ அதற்குள் குடிக்கும் பதத்திற்கு ஆறியிருக்கும். தேநீர் நீர்மையானது, மேலே குளிர்ந்த பகுதி கீழிறங்க, கீழுள்ள சூடான பகுதி மேலெழுகின்றது. இச்சுழற்சியால் முழுவதும் ஒருசேர ஆறுகின்றது. கஞ்சி கெட்டியானது, அதனுள் இச்சுழற்சி எளிதில் நிகழாது. மேலே படரும் ஆடையும் ஆவியாதலைத் தடுக்கின்றது. ஆதலின் மேற்புறம் ஆறினும் உட்புறம் கொதிப்பு நீங்காது. கரண்டியால் கலக்கி ஆற்றுதல் என்னும் பழக்கம், இயல்பாக நிகழாத சுழற்சியைக் கையால் நிகழ்த்துதலே ஆகும்.

நம் சமுதாயப் பெண்மக்கள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். ஆய்வுக்கூடம் அவர்களுக்குப் புதியது, அடுக்களை புதியதன்று. தாம் ஏற்கெனவே அறிந்த உலகத்திலேயே அறிவியல் உறைகின்றது என்னும் தெளிவை அவர்களுக்கு ஊட்டுவோமாயின், பாடநூல் அச்சுறுத்தும் பொருளாக இராது.

நகைப்பு என்னும் தடை

வினா மடிவதற்கு முதற்காரணம் நகைப்பு. இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. இன்று தான்சானியா என வழங்கும் நாட்டில், 1963ஆம் ஆண்டில் எராஸ்டோ எம்பெம்பா என்னும் பள்ளி மாணவர் தோழர்களுடன் ஐஸ்கிரீம் செய்து பழகினார். காய்ச்சிய பாலை ஆறவைத்த பின்னரே உறைபெட்டியில் வைத்தல் வழக்கம். பெட்டியில் இடம் பறிபோகுமே என்னும் அச்சத்தால் அவர் சூட்டுடனே வைத்துவிட்டார். பின்னர்ப் பார்க்கையில் அவர் பாலே முதலில் உறைந்திருந்தது. 'சூடானது முந்தி உறைந்தது ஏன்?' என்று ஆசிரியரை வினவினார். 'நீ குழம்பியிருக்கின்றாய்' என்பதே விடை. மேல்நிலைப் பள்ளியிலும் மீண்டும் வினவினார். அங்கு ஆசிரியர் அதனை அம்மாணவரின் தனி இயற்பியல் என எள்ளினார். பின்னர் அவர் எப்பிழை செய்யினும் உடன் பயின்றோர் அதே சொல்லால் நகையாடினர்.

ஒருநாள் தார் எஸ் சலாமிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்னும் இயற்பியல் அறிஞர் அப்பள்ளிக்கு வருகை தந்தார். எம்பெம்பா அவரிடமும் அதே வினாவை எழுப்பினார். அறிஞர் நகைக்கவில்லை, தாம் செய்து பார்ப்பதாகக் கூறிச் சென்றார், சொன்னவாறே ஆய்வுக்கூடத்தில் செய்தும் பார்த்தார். 1969ஆம் ஆண்டில் மாணவர், அறிஞர் இருவர் பெயராலும் கட்டுரை வெளிவந்தது. இந்நிகழ்ச்சி இன்று 'எம்பெம்பா விளைவு' எனப்படுகின்றது.

இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. சூடான நீர் உண்மையிலேயே முந்தி உறைகின்றதா என்பது இன்றளவும் முடிந்த முடிபன்று. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, கவனமாக அளந்தபோது அவ்விளைவிற்குச் சான்று கிட்டவில்லை என்று கூறியது. பாத்திரம், காற்றோட்டம், வெப்பமானி வைக்கும் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து முடிவு மாறுகின்றது. ஆயினும் மாணவரின் வினா சிறுமையுறவில்லை. ஒரு பள்ளிச் சிறுவனின் வினா அறுபது ஆண்டுகளாக அறிஞர்களை ஆராயச் செய்கின்றது எனில், நம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் வினாவை எள்ளும் உரிமை நமக்கு எங்ஙனம் உண்டாகும்?

கடல் ஏன் நீலம்?

திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டில் பிறந்த சர் சி. வி. இராமனின் வரலாறும் இதனையே அறிவுறுத்துகின்றது. 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அவர் வியந்தார். வானத்தின் நீலமே கடல்மீது பட்டு எதிரொளிக்கின்றது என்பது அந்நாளில் ராலே பிரபு போன்ற பேரறிஞர்களின் கருத்து. இராமன் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியே நோக்கி, நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வான ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை; முன்னினும் செறிந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் விளக்கினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வுகள் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவின் கண்டுபிடிப்பாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் கனிந்தன.

நீர் செந்நிறக் கதிர்களை உட்கவர்வதே கடலின் நீலத்திற்கு முதன்மையான காரணம் என்பது இன்றைய தெளிவு. இதனால் இராமனின் பெருமை குறையாது. ஒரு விடை அடுத்த விடைக்குப் படியாவதே அறிவியலின் நெறி. ஆனால் இராமன் விளைவின் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரை, 'கடல் ஏன் நீலம்?' என்று வினவின், 'வானத்தின் நிழல்' என்றே பலர் விடை கூறக் கேட்கின்றோம். 1921இலேயே ஐயத்திற்கு உள்ளான விடை இன்றும் உலவுகின்றது.

பெருமை விடையாகாது

நகைப்பைப் போலவே வினாவை மடியச் செய்யும் மற்றொன்று வெற்றுப் பெருமை. எவ்வினா எழினும், 'இதனை நம் முன்னோர் என்றோ அறிந்திருந்தனர்' என்று கூறி அமைதல் அது. தமிழர் என்னும் முறையில் ஒரு சாராரும், முஸ்லிம்கள் என்னும் முறையில் ஒரு சாராரும் இவ்வழக்கத்தை மேற்கொள்கின்றனர். இரண்டும் நமக்கு உரியவையே. ஆதலின் இரண்டையும் நாமே கண்டித்தல் தகும்.

பஸ்ராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களை நாம் மேடைதோறும் போற்றுகின்றோம். அவர் வினவியது எளிய வினா: நாம் எவ்வாறு காண்கின்றோம்? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதால் காட்சி உண்டாகின்றது என்று யூக்ளிட், தாலமி முதலியோர் கூறியிருந்தனர். 'கதிரவனை நோக்கினால் கண் வலிக்கின்றதே. அவ்வாறாயின் ஒளியன்றோ கண்ணைத் தாக்குகின்றது?' என்று அவர் எண்ணினார். இருள் அறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டுச் சோதித்தார். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதே காட்சி எனத் தம் கிதாபுல் மனாழிர் நூலில் நிறுவினார். தாலமியின் மீதான ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலும் இயற்றினார். அவருக்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, கமாலுத்தீன் அல்பாரிஸி நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு வானவில் தோன்றும் முறையை ஆராய்ந்தார். அவர் தம் முன்னவரின் நூலுக்கு உரை எழுதியவர். எனினும் வானவில்லைப் பற்றி முன்னவர் கூறியதனைத் திருத்தியே எழுதினார்.

முன்னோரை மதிக்கும் முறை இதுவே. அவர்கள் கண்ட விடையை ஏந்தித் திரிவது மரபன்று. அவர்கள் வினவியவாறு வினவுவதே மரபு. இப்னுல் ஹைதமின் பெயரை அறிந்த மாணவர் ஒருவர், அட்டைப்பெட்டியில் ஊசித்துளை இட்டு, மறுபக்கம் எண்ணெய்த்தாளை ஒட்டி, எதிரே உள்ள மரம் தலைகீழாகத் தெரிவதை ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டும். அவ்வொரு முறை நூறு மேடைப்பேச்சுகளுக்கு நிகராகும்.

கைப்பேசி இருக்க வினா எதற்கு?

'கைப்பேசியில் வினவினால் நொடியில் விடை கிட்டும் இந்நாளில் இவையெல்லாம் எதற்கு?' என்று வினவுவாரும் உளர். விடை கிட்டுகின்றது, மெய்யான விடையா என்று தெளியும் திறன் கிட்டுவதில்லை. 2008ஆம் ஆண்டில், நான்கு கைப்பேசிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து நடுவில் வைத்த மக்காச்சோளத்தைப் பொரிப்பதாகக் காட்டும் காணொளி உலகெங்கும் பரவியது. அஃது ஒரு நிறுவனம் விளம்பரத்திற்காகச் செய்த வேடிக்கை என்று பின்னர்த் தெரிந்தது. கைப்பேசி வெளிவிடும் ஆற்றல் மிகுதியாகக் கொள்ளினும் ஏறக்குறைய 2 வாட். மக்காச்சோளத்தைப் பொரிக்கும் நுண்ணலை அடுப்பிற்கோ பல நூறு வாட் வேண்டும். கணக்குப் போடத் தெரியாவிடினும் குற்றமில்லை. நான்கு மாணவர் தத்தம் கைப்பேசியை மேசைமேல் வைத்துச் சோளத்தை நடுவில் இட்டிருப்பின் உண்மை விளங்கியிருக்கும். செய்து பார்த்தவரினும் பிறருக்கு அனுப்பி வைத்தவரே மிகுதி.

இங்கு மீண்டும் நன்னூலை நாடுவோம். அது விடையை எட்டு வகையாகப் பகுக்கின்றது. அவற்றுள் ஒன்று ஏவல் விடை. 'இது செய்வாயா?' என்பார்க்கு 'நீயே செய்' என்பது அதற்குக் காட்டு. உரையாடலில் அவ்விடை சற்றுக் கடுமையாக ஒலிக்கும். ஆனால் அன்றாட அறிவியல் வினாக்களுக்கு அதனினும் சிறந்த விடை இல்லை. 'நீயே செய்து பார். கண்டதை வந்து சொல்' என்பதே ஆசிரியர் கூறத்தக்க உயர்ந்த விடையாகும்.

தமிழ்த்துறையின் கடமை

இவற்றிற்கும் தமிழ்த்துறைக்கும் யாது தொடர்பு என வினவலாம். மாணவர் பலர் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்து ஆங்கிலவழி அறிவியல் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்திற்கு ஆங்கில இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் எழுதுகின்றனர். ஆனால் வீட்டில் தம் பாட்டியார், 'பானைத் தண்ணீர் ஏனப்பா குளிர்கிறது?' என்று வினவினால் வாயடைத்து நிற்கின்றனர். ஒரு மொழியில் தேர்வெழுதி, மற்றொரு மொழியில் வாழ்கின்ற இவ்விரண்டுபட்ட நிலையில், கற்றது வாழ்வைத் தொடுவதில்லை. தமக்குரிய மொழியில் விளக்க இயலாத ஒன்றை ஒருவர் அறிந்தவர் எனல் அரிது.

தமிழால் இயலாது என்பார்க்கு வரலாறே மறுமொழி. பெ. நா. அப்புசாமி அறிவியலை எளிய தமிழில் எழுதுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். பெரியசாமித் தூரனின் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தையும், பின்னர்ச் சிறுவர்க்கெனப் பத்துத் தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் வெளியிட்டது. எழுத்தாளர் சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் பகுதியில் வாசகர்தம் அன்றாட வினாக்களுக்கு விடையளித்தார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப்பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, அறிவியல் கலைச்சொற்களைத் தொகுக்கும் பணிக்கே தம்மை ஒப்புக்கொடுத்து, 2017இல் மறைந்தார். சொற்கள் நூலகத்தில் காத்திருக்கின்றன. அவற்றை எடுத்தாளும் வாய்களே வேண்டும்.

எனவே நாம் முன்வைக்கும் கருத்து எளியது. கல்லூரி நூலக வாயிலில் தமிழ்த்துறை ஒரு பலகை வைத்தல் வேண்டும். அதில் எத்துறை மாணவரும் தம் அறியா வினாவைத் தமிழில் எழுதலாம். வாரந்தோறும் ஒரு வினாவை அறிவியல் துறை மாணவர் ஒருவர் ஏற்று ஒரு பக்க அளவில் விடை எழுதுக. தமிழ் மாணவர் ஒருவர் அதனைத் தம் பாட்டியார்க்குப் படித்துக்காட்டி, விளங்காத இடங்களைத் திருத்துக. அதற்கு மூன்று விதிகள் போதும்: எவ்வினாவையும் நகைத்தலாகாது, செய்து பார்க்கத்தக்கதைச் செய்து பார்த்தே எழுதுதல் வேண்டும், விடை தெரியாவிடின் 'தெரியவில்லை' என்று எழுதி வினாவைப் பலகையிலேயே நிறுத்துதல் வேண்டும். ஆண்டிறுதியில் இவ்விடைகள் சிறு நூலாக அச்சேறுமாயின், அது நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகுந்த பரிசாகும். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

பெரியோர்க்கு ஒரு சொல்

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிறை பார்க்கும் மாலையில் பிள்ளைகள் வினவுவர்: 'பிறை ஏன் மேற்கிலேயே தெரிகிறது? சில ஆண்டு வெயிலிலும் சில ஆண்டு மழையிலும் நோன்பு வருவது ஏன்?' 'பேசாமல் பார்' என்று அவர்களை அதட்டாதீர்கள். மாதத் தொடக்கத்தில் நிலவு வானில் கதிரவனை அடுத்தே நிற்பதால், கதிரவன் மறைந்த சிறுபொழுதில் மேற்கு வானிலேயே அது தென்படும். நாள்தோறும் ஏறத்தாழ 12 பாகை கிழக்கே விலகி வளரும். சந்திர மாதம் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். ஆகவே பன்னிரு மாதங்களுக்கு 354 நாள்களே ஆகும். சூரிய ஆண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறைவதால், ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. இதனைக் கூற அரைநாழிகை போதும். ஒரு முறை விடை பெற்ற பிள்ளை மறுநாளும் வினவும். ஒரு முறை அதட்டப்பட்ட பிள்ளை பிறகு வினவாது.

வினவுதலும், பிறர் வினவியவற்றிற்கு விடையிறுத்தலும் கற்பார்க்குக் கடமை என்று நன்னூலின் பாயிரமே வகுத்துள்ளது. அறிவினாக்களுக்கு மட்டும் பழகிய தலைமுறை, பிறர் கண்ட விடைகளைச் சுமக்கும் தலைமுறையாகவே நின்றுவிடும். நம் கல்லூரியின் வகுப்பறைகளில் அறியா வினாவிற்கும் ஓர் இடம் அளிப்போம். தோசைக்கல்லில் ஓடும் நீர்த்துளியைக் கண்டு 'ஏன்?' என்று வினவும் மாணவி, அவ்வினாவை அச்சமின்றித் தமிழில் எழுப்பி, தமிழிலேயே விடை காணும் நாளை உண்டாக்க ஆசிரியரும் மாணவரும் பெரியோரும் ஒருங்கிணைந்து முயல்வோமாக!